ஸ்டாப் என்று மட்டும் சொல்

மழை விட்ட இரவில் டாக்ஸிவே, அதாவது விமானம் ஓடுதளத்துக்கு உருண்டு போகும் பாதை, எப்படி இருக்கும் என்று காக்பிட்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நடுவில் பச்சை விளக்குகள், ஓரத்தில் நீல விளக்குகள், தூரத்தில் டெர்மினல் வெளிச்சம், முன்னால் போகிற விமானத்தின் சிவப்பு மினுக்கல். எல்லாம் தேங்கிய தண்ணீரில் இன்னொரு முறை தெரியும். தரையில் அடித்த மஞ்சள் பெயின்ட் மட்டும் தெரியாது. எந்தக் கோட்டில் நின்றாக வேண்டுமோ அதுதான் முதலில் கண்ணுக்கு மறையும்.

போன நவம்பரில் அப்படி ஓர் இரவு. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஊர் மேல் பிழை இல்லை, பிழை என் மேல். நான் ஏடிஆர் 72 ஓட்டுகிறேன், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு புரொப்பல்லர் வைத்த, எழுபத்துச் சொச்சம் பேர் போகிற விமானம். கேப்டனாகி மூன்று வருடம் முடிந்திருந்தது. பக்கத்து சீட்டில் திருநெல்வேலிப் பையன், வேலையில் சேர்ந்து ஏழு மாதம்.

ஏடிஆரில் தரையில் விமானத்தைத் திருப்பும் டில்லர் இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. வானத்தில் யார் ஓட்டினாலும், தரையில் ஓட்டுவது கேப்டன்தான். வலது பக்கம் இருப்பவர் ரேடியோ பேசுவார், விமான நிலைய வரைபடமான சார்ட்டைப் பார்ப்பார், செக்லிஸ்ட் படிப்பார். அவர் காலடியிலும் பிரேக் பெடல் இருக்கிறது, ஆனால் கேப்டன் ஓட்டும்போது அதைத் தொட எந்த ஜூனியருக்கும் மனசு வராது. அவருக்கு இருக்கிற கருவி வாய் ஒன்றுதான். இந்தப் பதிவு அந்த வாயைப் பற்றியது.

அன்றைக்கு எங்கள் பாதையில் ஒரு ஓடுதளம் குறுக்கே வந்தது. அதைக் கடந்து போனால்தான் நாங்கள் புறப்பட வேண்டிய ஓடுதளத்தின் முனைக்குப் போக முடியும். அந்த மாதம் முழுக்க அதே நேரத்து ஃப்ளைட். பன்னிரண்டு, பதின்மூன்று முறை அதே இடத்தைக் கடந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் நகர ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கடக்க அனுமதி கிடைத்துவிடும். அன்றைக்கு கிரவுண்ட் கன்ட்ரோலர், தரையில் விமானங்களுக்கு வழி சொல்கிறவர், தெளிவாகச் சொன்னார்: ஹோல்ட் ஷார்ட். அதாவது ஓடுதளத்துக்கு முன்னால் நில். பையன் ஓடுதள எண்ணோடு சேர்த்து அதை அப்படியே திருப்பிச் சொன்னான். நானும் "செக்டு" என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

அப்புறம் கேபினிலிருந்து 'டிங்' என்று அழைப்பு. நாலாவது வரிசையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கிறது, அம்மா சீட்டை விட்டு எழுந்துவிட்டார். ஓட்டிக்கொண்டே பதில் சொன்னேன். நின்று பேசியிருக்க வேண்டும். பையன் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து செக்லிஸ்ட்டில் இருந்தான். பேசி முடித்து நிமிர்ந்தபோது முன்னால் இரண்டு பக்கமும் மஞ்சள் காவல் விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டின. பக்கத்தில் ஓடுதளம் இருக்கிறது என்று சொல்வதற்கென்றே வைத்த விளக்குகள். பதின்மூன்று முறை அவற்றைப் பார்த்துக்கொண்டே கடந்து போனவள் நான். கண் பார்த்தது, கால் பிரேக்குக்குப் போகவில்லை.

"மேம்..." என்றான்.

நான் "ம்" என்றேன்.

"மேம், நாம ஹோல்ட்... ஸ்டாப்! ஸ்டாப்!"

அழுத்திய அழுத்தலில் விமானம் குனிந்து நிமிர்ந்தது. ஓடுதள எண் எழுதிய சிவப்புப் பலகை என் ஜன்னலுக்கு வெளியே, மூக்குக்கு ஓர் ஆள் நீளம் முன்னால் நின்றது. அந்தப் பலகைக்கு நேரேதான் கோடு. தாண்டவில்லை. பார்க்கிங் பிரேக் போட்டேன். மனசுக்குள் இருபது எண்ணியிருப்பேன். வலது பக்கத்திலிருந்து வெள்ளை வெளிச்சம் பெருகி வந்தது. இறங்கிய ஏர்பஸ் ஒன்று தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி அடித்துக்கொண்டு எங்கள் முன்னால் ஓடிப் போனது. அதன் ஜன்னல்களில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

நாங்கள் இருவரும் பேசவில்லை. கன்ட்ரோலர் கடக்கச் சொன்னார், கடந்தோம், போனோம், இறங்கினோம்.

அந்த முதல் "மேம்" பற்றித்தான் நான் நிறைய யோசித்தேன். அப்போது எங்கள் வேகம் சுமார் 15 நாட். நொடிக்கு ஏழரை மீட்டருக்கு மேல். "மேம்" என்று ஆரம்பித்து, என் "ம்" வரக் காத்திருந்து, மரியாதையாக ஒரு வாக்கியம் கட்டத் தொடங்கி, அதைப் பாதியில் விட்டு "ஸ்டாப்" என்று வருவதற்குள் இரண்டு நொடி போயிருக்கும். பதினைந்து மீட்டர். எங்கள் விமானத்தின் நீளத்தில் பாதிக்கு மேல். அவன் வீட்டில் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. பெரியவர்களை எடுத்த எடுப்பில் 'நில்' என்று சொல்லாதே என்று நம் எல்லார் வீட்டிலும் சொல்லித்தானே வளர்க்கிறார்கள்?

1977 மார்ச் 27ஆம் தேதி, கேனரித் தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையத்தில் நடந்ததை விமானிகள் எல்லாரும் பாடமாகப் படிக்கிறோம். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்கள் எல்லாம் அங்கே திருப்பி விடப்பட்டன. சின்ன விமான நிலையம், டாக்ஸிவேயிலேயே விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் ஓடுதளத்தின் மேலேயே டாக்ஸி செய்து போக வேண்டிய நிலை. மூடுபனி வேறு. பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ இன்னும் ஓடுதளத்தில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ எதிர்முனையிலிருந்து டேக்-ஆஃபுக்கு ஓட ஆரம்பித்தது. அனுமதி வரவில்லை. 583 பேர் போய்விட்டார்கள். விமான வரலாற்றில் இன்றுவரை ஒரு விபத்தில் இத்தனை பேர் இறந்ததில்லை.

மூடுபனி, ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதால் வந்த கீச்சுச் சத்தம், 'ஓகே' என்ற சொல் தந்த குழப்பம் என்று காரணங்கள் பல. அந்த விபத்துக்குப் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும், அல்லது கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் ரேடியோவில் சொல்லக்கூடாது என்று வந்தது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் என்னைத் தூங்க விடாதது வேறொன்று. கேஎல்எம் காக்பிட்டில் பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார்: அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையா? விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அவர் அதற்கு மேல் பேசவில்லை. கேப்டன் அந்த நிறுவனத்தில் ஜம்போ ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கே தலைவர். பக்கத்தில் இருந்த கோ-பைலட்டுக்கு இரண்டு மாதம் முன்பு தேர்வு நடத்தித் தகுதி கொடுத்தவரும் அவரே. அந்த மனிதரிடம் யார் 'நிறுத்துங்கள்' என்று கத்துவார்கள்? கேள்வியாகத்தான் கேட்டார்கள். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போகலாம். கட்டளைக்கு அப்படி முடியாது.

2006 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் லெக்சிங்டனில் இன்னொன்று. விடியாத நேரம். 22ஆம் எண் ஓடுதளத்தில் புறப்பட வேண்டிய சின்ன ஜெட், பக்கத்தில் இருந்த குட்டையான 26இல் ஓட ஆரம்பித்தது. அந்த ஓடுதளத்தில் விளக்கு எரியவில்லை. விளக்கே இல்லை, விசித்திரமாக இருக்கிறதே என்று கோ-பைலட் சொன்னார். கேப்டன் ஆமாம் என்றார். இரண்டு பேருமே பார்த்தார்கள், இரண்டு பேருமே சொன்னார்கள், விமானம் நிற்கவில்லை. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். அந்த விமானத்திலும் டில்லர் கேப்டன் பக்கம்தான். காம்பஸில் 220க்குப் பதில் 260 காட்டியிருக்கும். ஓடுதள எண் என்பதே காம்பஸ் திசையில் கடைசி சுழியத்தை விட்ட எண்தான். சென்னையில் 07 என்றால் திசை சுமார் 70 டிகிரி. ஓடுதளத்தில் ஏறித் திரும்பியதும் எண்ணையும் காம்பஸையும் விரலால் தொட்டு ஒப்பிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. யாராவது பார்த்துச் சிரித்தாலும் விடமாட்டேன்.

திருப்பிச் சொல்வதை, ரீட்பேக்கை, நாங்கள் ஏதோ தாயத்து மாதிரி நம்புகிறோம். ஹோல்ட் ஷார்ட், கடத்தல், ஓடுதளத்தில் ஏறுதல் எல்லாவற்றையும் ஓடுதள எண்ணோடு திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது உலகம் முழுக்க விதி. நல்ல விதி. ஆனால் அது காது கேட்டதைத்தான் நிரூபிக்கும், மனசு ஏற்றதை அல்ல. 2001 அக்டோபரில் மிலான் லினாட்டேயில் மூடுபனியில் ஒரு சின்ன பிசினஸ் ஜெட்டை ரோமியோ 5 என்ற டாக்ஸிவே வழியாகப் போகச் சொன்னார்கள். ரோமியோ 5 என்றே திருப்பிச் சொன்னார்கள். போனது ரோமியோ 6இல். அது நேரே ஓடுதளத்துக்குள் போகும் வழி. அங்கே புறப்பட்டுக்கொண்டிருந்த விமானம் வந்து மோதியது. தரையில் இருந்த நாலு பேரோடு சேர்த்து 118 பேர். அன்றைக்குத் தரை ரேடார் வேலை செய்யவில்லை. டவரிலிருந்து பார்த்தால் வெள்ளைத் துணி மட்டும்தான்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. முந்தின நாள் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட நோட்டோ பகுதிக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு கடலோரக் காவல்படையின் டேஷ் 8 நின்றது. எங்கள் ஏடிஆருக்குப் பங்காளி மாதிரியான புரொப்பல்லர் விமானம். நீ நம்பர் ஒன் (புறப்படும் வரிசையில் முதல்), சி5 ஹோல்டிங் பாயின்ட் (ஓடுதளத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இடம்) வரை வா என்று டவர் சொன்னது. சி5, நம்பர் ஒன் என்று சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு கோட்டைத் தாண்டி ஓடுதளத்துக்குள் போய் நின்றார்கள், சுமார் நாற்பது நொடி. அனுமதி இருக்கிறது என்றே அந்தக் கேப்டன் நினைத்திருக்கிறார். இறங்கிய ஏ350 மேலே வந்து மோதியது. அந்தப் பெரிய விமானத்தில் 379 பேரும் எரிகிற விமானத்திலிருந்து உயிரோடு இறங்கியதை உலகம் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். டேஷ் 8இல் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அவசர உதவிக்குப் புறப்பட்டவருக்கு 'நம்பர் ஒன்' என்பது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஜப்பான் அதன்பின் கொஞ்ச காலம் வரிசை எண்ணைச் சொல்வதையே நிறுத்தி வைத்தது.

என் விஷயமும் அதே சாதி. சொன்னது சரி, திருப்பிச் சொன்னது சரி, நான் "செக்டு" என்றதும் சரி. என் மனசுக்குள் மட்டும் பதின்மூன்று நாள் பழக்கம் உட்கார்ந்து 'கடந்து போ' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிரவு ஹோட்டலிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். விருதுநகரில் இருக்கிறார், ரயிலில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் கேட்டார்:

"சிக்னல் கூப்பிட்டீங்களா தாயி?"

சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் இதைச் செய்து காட்டுவார். இன்ஜினில் இருவர். சிக்னல் கண்ணில் பட்டதும் உதவியாளர் "ஹோம், மஞ்சள்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஹோம் என்பது ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் வரும் சிக்னல். ஓட்டுநர் தன் கண்ணால் பார்த்த பிறகு "ஹோம், மஞ்சள்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு, யாரும் கேட்காத காட்டுக்குள், முப்பது வருடமாகத் தெரிந்த அதே சிக்னலுக்கும் சொல்ல வேண்டும். "தெரிஞ்ச சிக்னலுக்குத்தான் சத்தமா சொல்லணும். தெரியாத சிக்னலை எவனும் பாத்துருவான்" என்றார்.

என் ரீட்பேக் இதில்தான் தோற்றது. அனுமதி வாங்கும்போது ஒரு முறை சொன்னோம், கோட்டுக்கு வரும்போது சொல்லவில்லை. நடுவில் மூன்று நிமிடம், ஒரு குழந்தை வாந்தி, ஒரு செக்லிஸ்ட். மூன்று நிமிடம் மனசில் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பது சுலபம் என்று நினைக்கிறோம். இல்லை.

இப்போது என் காக்பிட்டில் கோடு நெருங்கும்போது இருவரில் ஒருவர் சொல்லியாக வேண்டும்: முன்னால் ஓடுதளம், எண் இது, அனுமதி இல்லை, நிற்கிறோம். அல்லது, அனுமதி இருக்கிறது, கடக்கிறோம். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவர் சொல்வதும் பொருந்தவில்லை என்றால் நின்று டவரிடம் கேட்கிறோம். அனுமதி வந்ததும் என் காலில் கட்டிய பேடில் எழுதுகிறேன், நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு கட்டம் போட்டு அதைச் சுற்றிக் கோடு. ஐபேடில் நம் விமானமே சார்ட்டின் மேல் நகர்வது தெரிகிறதே, எதற்குப் பேனா என்று பையன்கள் கேட்கிறார்கள். ஐபேட் நான் இருக்கிற இடத்தைச் சொல்லும். நான் நிற்க வேண்டிய இடத்தை என் கைதான் எழுத வேண்டும். சார்ட்டில் 'ஹாட் ஸ்பாட்' என்று வட்டம் போட்டிருக்கும் இடங்கள் ஏற்கெனவே யாராவது தடுமாறிய, அல்லது தடுமாற வாய்ப்புள்ள இடங்கள். அங்கே செக்லிஸ்ட் கிடையாது, கேபின் அழைப்பு வந்தால் நின்றுதான் எடுப்பேன். ஓடுதளத்தில் ஏறும்போதும் கடக்கும்போதும் பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைப் போடுகிறோம். அனுமதி இருந்தாலும் இடது பக்கம் நான், வலது பக்கம் அவர், இறங்கி வருகிற விளக்கு ஏதும் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். சொன்ன பிறகுதான் சக்கரம் உருளும்.

பயிற்சியில் இருக்கிற தம்பி தங்கைகள் படிக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு மஞ்சள் கோடுகள், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அது சுவர். விட்டுவிட்டு வருவது உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுதளத்துக்குள் இருக்கிறீர்கள், வெளியே வாருங்கள். முழுவதும் வாருங்கள், வால் வரைக்கும். மூக்கு வெளியே வந்ததும் நிம்மதியாக நின்று கிரவுண்டைக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏடிஆரின் வால் அங்கிருந்து 27 மீட்டர் பின்னால் இருக்கிறது. அதுவும் அத்துமீறல்தான். பெரிய ஓடுதளங்களில் அந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி இருக்கும். இவ்வளவு தூரத்தில் எதற்கு நிற்க வேண்டும் என்று தோன்றும். இறங்குகிறவர் கடைசி நேரத்தில் பாதை விலகினால் அந்த இடம் அவருக்கு வேண்டும்.

மறுநாள் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். கோடு தாண்டாதபோது எதற்கு எழுத வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். பையன் முகம் வெளிறி, "மேம், என் பேரும் வருமா?" என்றான். வரும், நிறுத்தினவன் என்று வரும் என்றேன். அறிக்கையில் அந்த வாக்கியத்தை முதலில் எழுதினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் இன்ஜின் போடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறேன்: தரையில் நகரும்போது எனக்கு மேம் வேண்டாம், வாக்கியம் வேண்டாம், காரணம் வேண்டாம். ஸ்டாப் என்று மட்டும் சொல். நான் முதலில் நிற்பேன், அப்புறம் கேட்பேன்.

போன வாரம் ஒரு புதுப் பெண் வந்தாள், என்னோடு அவளுக்கு இரண்டாவது ஃப்ளைட். காலை வெயில் கண்ணில் அடித்தது. டாக்ஸிவேயில் போய்க்கொண்டிருந்தோம், "ஸ்டாப்!" என்றாள். நின்றேன். கொஞ்சம் பலமாகவே நின்றுவிட்டது, பின்னால் யாரோ 'ஐயோ' என்றது கதவைத் தாண்டிக் கேட்டது. முன்னால் பார்த்தேன். விட்டுவிட்டு வரும் ஒற்றை மஞ்சள் கோடு. இரண்டு டாக்ஸிவேக்கள் சந்திக்கும் இடத்தில் போடுவது. ஓடுதளம் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.

ஏதும் பிரச்சினையா என்று கிரவுண்ட் கேட்டது. இருக்கிற இடத்தை உறுதி செய்துகொள்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். குரல் நடுங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஸாரி மேம், அது வேற கோடு" என்றாள்.

நல்லா சொன்னேம்மா, அடுத்த கோட்டுக்கும் இப்படியே சொல்லு என்றேன். பிரேக்கை எடுத்தேன்.

ஓடுதளம் வந்தது. சிவப்புப் பலகையை விரலால் காட்டி, எண்ணைச் சொல்லி, அனுமதி இல்லை என்று சொல்லி, "ஸ்டாப்" என்றாள். நான் ஏற்கெனவே பிரேக்கில் கால் வைத்திருந்தேன்.